பத்தே கால்

இருபது வருஷம் ஈரச் சுவரோரம் கிடந்து துருப்பிடித்த கம்ப்யூட்டர் நான். ஒரு நாள் ஸ்க்ரூடிரைவர் என் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, மேல் துரு வினிகர்ல ஊறினா போயிடும். ஆனா உள்ளே இந்தக் கடிகார பேட்டரி கசிஞ்சு போர்டையே அரிக்குது. இதைக் கழட்டலைன்னா நீங்க எழுந்திரிக்கவே மாட்டீங்க."

"அவரைத் தொடாதே! எனக்கு மணி சொல்றவரே அவர்தான்."

"எங்கே, இப்ப கேளுங்க பாப்போம்."

கேட்டேன்.

"பத்தே கால்," என்றார் பேட்டரி கம்பீரமாக.

"பாத்தியா? இருபது வருஷத்துல ஒரு நாள்கூடப் பேச்சு மாறினதில்லை," என்றேன் பெருமையாக.

ஸ்க்ரூடிரைவர் பேட்டரியை நெம்பிக் குப்பைக் கூடையில் தள்ளினான். துருவையெல்லாம் போக்கி, போர்டையும் துடைத்து, கரன்ட் கொடுத்ததும் என் திரை பச்சையாக ஒளிர்ந்தது. பிழைத்துவிட்டேன்!

"மணி நாலரை அண்ணே, போட்டுக்குங்க," என்றான்.

போட்டுக்கொண்டேன். மனசு கேட்கவில்லை. கூடைப் பக்கம் மெல்லக் குரல் கொடுத்தேன்.

"ஏங்க, மணி நாலரையாமே?"

"பத்தே கால்."

நாலரையை அழித்துவிட்டேன்.