தேசத் துரோகக் கதை

துண்டும் சோப்பும் திணித்த பையோடு எழுத்தாளர் பால்வண்ணநாதன் அச்சாபீசுக்குள் வந்து உட்கார்ந்தார். குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற வழியில் நுழைந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார் பத்திரிகை முதலாளி நல்லகண்ணு. எழுத்தாளருக்கு வேறென்ன சோலி!

"புது இதழு வந்துட்டு. உங்க கதையப் பாக்கலியா?"

"எழுதுனதோட சரி வே. அச்சுல வந்ததத் திரும்பிப் பாக்குத வழக்கம் நமக்குக் கெடயாது." பீற்றலுக்கு ஒன்றும் குறைச்சலில்லை. போன மாதம் செங்கோட்டையில் ஒரு கவிஞரைப் போலீஸ் பிடித்துப்போய், திரும்பி வந்தவருக்கு ஊரே மாலை போட்டதிலிருந்து மனுஷனுக்கு உறக்கம் இல்லை.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் சங்கிலிப்பாண்டி உள்ளே வந்தார். கையில் ஒரு மொட்டைக் கடிதம். சீனாக்காரனோடு சண்டை நடக்கிற சமயத்தில் இந்தப் பத்திரிகை தேசத் துரோகக் கதை போட்டிருக்கிறது என்று எவனோ எழுதியிருந்தான்.

"நெசம்னா மெஷினுக்கு சீல் வச்சிருவேன்."

நல்லகண்ணு ஓடிப்போய் மெஷினை மறைத்து நின்றார். அந்த ஒற்றை மெஷினை நம்பித்தான் வீட்டில் ஆறு பேர் சோறு தின்கிறார்கள்.

பால்வண்ணநாதன் துள்ளி எழுந்தார். "எழுதுனவன் நான்! என்னையக் கைது பண்ணும்!" தேரடி வரை கேட்டது சத்தம். பையை எடுத்துத் தோளில் மாட்டினார். உள்ளே மாற்று வேட்டி ரெண்டு தெரிந்தது. மெஷின் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கேட்டாரா, பாவி!

இன்ஸ்பெக்டர் கடிதத்தில் காட்டியிருந்த வரியை வாசித்தார். "'எல்லையில் சாகிறவன் ஏழை மகன், டெல்லியில் மாலை வாங்குகிறவன் மந்திரி.' இது நீரு எழுதுனதுதானா?"

"சாட்சாத் நான் எழுதுனதுதான்!"

நல்லகண்ணு இதழைப் பிரித்து நீட்டினார். "ஐயா, நீங்களே பாருங்க. அந்த வரி இதுல இல்ல. பயந்துபோயி அச்சுக் கோக்கும்போதே எடுத்துட்டேன். அவரு எழுதித் தந்த தாளையும் அன்னைக்கே அடுப்புல போட்டுட்டேன். வேற ஒருத்தர் கண்ணுலயும் காட்டல."

"எடுத்துட்டீரா? என் வரியவா?" பால்வண்ணநாதன் அலறினார்.

இன்ஸ்பெக்டர் கதையை முதலிலிருந்து கடைசி வரை நிதானமாக வாசித்தார். மெஷினை விட்டுவிட்டு எழுத்தாளரை மேலும் கீழும் பார்த்தார். மொட்டைக் கடிதத்தை அவர் மேல் விட்டெறிந்தார்.

"இதுக்கு நீரு பேரு போட்டே எழுதியிருக்கலாமே வே!"