பொன்செல்வியின் மூக்கு

டாக்டரைப் பார்த்துவிட்டு அறைக்கு வெளியே வந்ததுமே மகாராஜன் மனைவியிடம் ஆரம்பித்தார்.

"மூக்குத் தண்டு வளைஞ்சா வளைஞ்சுட்டுப் போவுது. ஆபரேசன் எதுக்குட்டி?"

"படுத்தா மூச்சு முட்டுதுல்லா?" என்றாள் பொன்செல்வி.

"ஆடித்தபசுத் திருவிழா கழியட்டுமே."

"தபசு கழிஞ்சு ரெண்டு மாசமாச்சு. ஆபீஸ்ல லீவு வேணும்னும் சொல்லி வச்சாச்சு. நீங்க எதுக்கு இப்படிப் பதறுதிய?"

மகாராஜன் குரலைத் தாழ்த்தினார். "நான் ரிட்டயர் ஆன ஆறு மாசமா என் சமையலை நீ ருசிச்சுச் சாப்பிடுத. எல்லாம் மூக்கு அடைச்சிருக்க புண்ணியம். அது திறந்துட்டா என் குட்டு வெளிப்பட்டுரும்லா?"

பொன்செல்வி சிரித்துவிட்டாள். "அடைச்சிருக்கது ஒரு பக்கந்தான். நேத்து சாம்பார் அடிப்பிடிச்சது, முந்தாநாள் பால் தீஞ்சது, எல்லாத்தையும் மத்தப் பக்கம் சொல்லிருச்சு."

"பெறவு எதுக்குட்டி மறுசோறு வாங்கிச் சாப்பிட்ட?"

"இருபத்தெட்டு வருசம் நான் வடிச்சுக் கொட்டினேன். இப்பத்தான் எனக்கு ஒரு ஆளு சோறு போட்டு, பக்கத்துல உக்காந்து பாக்காவ. அதை விடுவனா?"

மகாராஜன் விறுவிறுவென்று வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் போனார்.

"சீக்கிரமா ஒரு தேதி குடும்மா. ஆபரேசன் முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் பஞ்சு வச்சு அடைப்பியளாமே? அன்னைக்கு இவளுக்குச் சாப்பாடு நம்ம வீட்டுல இருந்துதான்!"