மூன்றாவது கராஜ்

"எஞ்சினை இறக்கியே ஆகணும்ண்ணே" என்று மூன்றாவது கராஜின் மெக்கானிக் பிரதாப் பாஸும் சொன்னதும் லொறிக்காரர் மரியநாயகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்ப சூடு ஏறுதா பாஸ்?"

"இல்ல. மல்லியப்பு வரைக்கும் ஓட்டிப் பார்த்துட்டேன். தண்ணி ஓடுது, ரேடியேட்டருக்குக் காத்தும் நல்லாப் படுது. ஒரு கொறையும் இல்ல."

"கொறையில்லாத எஞ்சினை எதுக்குய்யா இறக்கணும்?"

"ரோட்டுல கொதிக்குதுன்னு நீங்கதானே சொல்றீங்க? நான் வேற என்னத்தச் செய்ய?" பிரதாப் பாஸுக்கும் பொறுமை போய்விட்டது.

கொதிக்கத்தான் செய்தது. டயகமவில் மரக்கறி ஏற்றிக்கொண்டு கிளம்பினால், ஏற்றம் வரும் இடமெல்லாம் ஆவி பறந்தது. நேற்று லீக்ஸ் வாடிப்போய், இனி வேறு லொறி பார்ப்பதாகக் கடை முதலாளி சொல்லிவிட்டார்.

"போன மாசம் வரைக்கும் தங்கமா ஓடுன வண்டிய்யா! நீ கேக்குற காசுல எம் மக ஒரு வருஷம் கெம்பஸ்ல படிச்சிருவா."

"இவனுகளுக்கு ஒரு மண்ணும் தெரியல" என்று முணுமுணுத்தபடி லொறியை எடுத்தவர், சந்தி தாண்டியதும் ஓரங்கட்டினார். கராஜ்காரர்களின் எண்ணெய்க் கை பட்டுவிடக்கூடாதென்று ஒவ்வொரு தடவையும் கழற்றிச் சுருட்டி வைக்கும் பேனரைச் சீட்டுக்குப் பின்னாலிருந்து எடுத்தார். போன மாதம் அடித்தது.

'பொறியியல் பீடத்துக்குத் தெரிவான எங்கள் ஷாமிலாவுக்கு வாழ்த்துகள்!'

ரேடியேட்டருக்கு முன்னாலுள்ள கிரில்லின் ஒரு கம்பிகூடத் தெரியாதபடி அதை இழுத்து இறுக்கிக் கட்டினார். பேனர் படத்தில் சிரித்த மகளின் முகத்தைத் துண்டால் துடைத்துவிட்டார்.

"நீ படிச்சு வந்துதாம்மா இந்த எஞ்சினுக்கு என்னன்னு பாக்கணும்."