மூன்றாம் நம்பர் வண்டி

"மூணாம் நம்பர் வண்டியைத்தான் ஓட்டிக் காட்டச் சொல்வாங்க. அதுல பிரேக் கொஞ்சம் லேட்டாத்தான் பிடிக்கும். முன்னாடியே மிதிச்சுடு" என்றார் மாமா.

மாமா என் அக்கா வீட்டுக்காரர். அவர் வேலை பார்க்கும் கிடங்கில்தான் நாளை எனக்கு இன்டர்வியூ. சரக்குத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் வேலை. இதுவும் கிடைக்காவிட்டால் நான் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"என்ன மாமா, கேள்வித்தாளையே அவுட் பண்ணிட்டீங்க!"

"சிரிக்காதே மாப்ள. சூப்பர்வைசர் சும்மாவே கத்துவான், எதிர்த்துப் பேசாதே. அப்புறம், என் பேரை அங்க எடுக்காதே. சிபாரிசுன்னா அவங்களுக்கு ஆகாது."

"வேலை கிடைச்சா தினம் ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போகலாம்."

மாமா மேசையைத் தடவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அவர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. மறுநாள் சாயங்காலம் வண்டிச் சாவியை ஆட்டிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன்.

"அக்கா, வேலை கிடைச்சாச்சு! சாவியே குடுத்துட்டாங்க. பழைய ஆளுக்குப் பார்வை மங்கி, வண்டியைக் கொண்டுபோய் அலமாரியில மோதிட்டாராம். போன மாசமே அனுப்பிட்டாங்களாம்."

அக்கா சாவியை வாங்கிப் பார்த்தாள். அதில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

"இது நான் கட்டினதுடா. சாவி கண்ணுக்குத் தெரியலைன்னு சொன்னாரு" என்றாள். "இன்னிக்கும் சோறு கட்டிக்கிட்டுத்தானே போனாரு..."

வாசலில் மாமா செருப்பைக் கழற்றினார். கையில் காலி டிபன் டப்பா.

"என்ன மாப்ள, பிரேக் பிடிச்சுதா?"