வினிதாவின் களைக்கொல்லி

“ஏம்மா, புல்லைச் சாவடிக்கப் போறியா, இல்ல ஊறுகா போடப் போறியா?”

ஜெயவேலு சமையலறை வாசலில் நின்று சிரித்தார். உள்ளே அவர் மகள் வினிதா ஒரு பெரிய வாளியில் வினிகரைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கல்லுப்பு, பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணி, ஒரு கூடை எலுமிச்சம்பழம்.

“களைக்கொல்லிப்பா. கெமிக்கலே கிடையாது.”

“எலுமிச்சம்பழமுமா?”

“அதுவும் வேணும்ப்பா,” என்றாள், நிமிர்ந்து பார்க்காமல்.

ஊரப்பாக்கத்தில் ஜெயவேலுவுக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு மனை. மற்றதெல்லாம் மகன் ஹரிபிரசாத் தொழிலதிபர் ஆவதற்காக விற்றாயிற்று. ஒன்று ஜிம் ஆனது, ஒன்று பிரியாணிக் கடை ஆனது. இரண்டிலும் இப்போது பூட்டுதான் மிச்சம். இந்தக் கடைசி மனை வினிதா பிறந்த வருஷம் வாங்கியது. அதனால் வீட்டில் எல்லோரும் ‘வினிதா மனை’ என்றுதான் சொல்வார்கள். சொல்வதோடு சரி, பத்திரம் ஜெயவேலு பேரில். அதையும் விற்று கேளம்பாக்கத்தில் மகனுக்கு ஒரு டீக்கடை ஃபிரான்சைஸ் எடுத்துக் கொடுப்பதாக முடிவாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் பல்லாவரத்திலிருந்து பார்ட்டி வருகிறது. மனை பிடித்தால் கையோடு அட்வான்ஸ். ஆனால் மனையே கண்ணுக்குத் தெரியவில்லை. இடுப்பளவுக்குப் பார்த்தீனியம், இடையிடையே கோரை. கடையில் மருந்து வாங்கி அடித்துவிடலாம் என்று ஜெயவேலு கிளம்பியபோதுதான் வினிதா குறுக்கே வந்தாள். யூடியூபில் தோட்டச் சேனல் நடத்துகிறவள். மண் செத்துவிடும், மண்புழு செத்துவிடும், பக்கத்து வீட்டுக் கிணறு கெட்டுவிடும் என்று நின்ற இடத்திலேயே வகுப்பெடுத்தாள். மனையை விற்பது பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுவாள் என்று பயந்துகொண்டிருந்த ஜெயவேலுவுக்கு அதுவே பெரிய நிம்மதி. பொண்ணுக்குப் பக்குவம் வந்துவிட்டது, கூடவே கொஞ்சம் கிறுக்கும் வந்துவிட்டது என்று மகனிடம் சொல்லிச் சிரித்தார்.

“புல்லுக்கு சாலட் டிரெஸ்ஸிங் பண்றாப்பா,” என்றான் ஹரி.

வியாழக்கிழமைதான் அடிப்பேன் என்று வினிதா பிடிவாதம் பிடித்தாள். புதன்கிழமையே அடித்தால் என்ன என்று கேட்டதற்கு, வியாழன்தான் வெயில் நன்றாகக் காயும், போனில் போட்டிருக்கிறது என்றாள். அன்றைக்கு அமாவாசை வேறு. ஜெயவேலு காக்கைக்குச் சோறு வைத்து, இலை போட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். சாயங்காலம் போனில் ஒரு படம் வந்தது. பார்த்தீனியமெல்லாம் கருகித் தலை தொங்கிக் கிடந்தது. கிறுக்கோ என்னவோ, காரியக்காரிதான் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் மனைக்கு முதலில் வந்தவர் புரோக்கர் சவுரிமுத்து. பின்னாலேயே ஜெயவேலு.

“இன்னா சார் இது?”

நாலு மூலைக்கல்லின் மேலும் பாதியாக நறுக்கிய எலுமிச்சம்பழம். கல்லைச் சுற்றிலும் கல்லுப்பு. நடுவில் நெருப்பு பட்ட மாதிரி கருத்துப்போன செடிகள்.

ஜெயவேலு வாய் திறப்பதற்குள் பார்ட்டியின் கார் வந்து நின்றது. அச்சுதன் என்கிற அந்தப் பார்ட்டி சிரித்துக்கொண்டே இறங்கினார். அவர் மனைவி ஒரு காலை வெளியே வைத்தார். மூலைக்கல்லைப் பார்த்தார். வைத்த காலை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டார்.

“என்னங்க, நேத்து அமாவாசை. ஏறுங்க வண்டில.”

“அது களைக்கொல்லிம்மா,” என்று ஜெயவேலு காரோடு சேர்ந்து ஓடினார். “வினிகரு, உப்பு… என் பொண்ணு யூடியூப்ல…”

கண்ணாடி ஏறிவிட்டது.

“நான் வேதக்காரன் சார், எனக்கு இதுலல்லாம் நம்பிக்க இல்ல,” என்றார் சவுரிமுத்து, கல்லிலிருந்து நாலடி தள்ளி நின்றுகொண்டு. “ஆனா வாங்குறவனுக்கு கீதே. இனிமே இத்த எவன்கிட்ட காட்டுவேன்?”

காட்ட முடியவில்லை. வண்டலூரிலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் இருக்கிற புரோக்கர்களுக்கெல்லாம் சேதி போய்விட்டது. வாய்க்கு வாய் ஒரு எலுமிச்சம்பழம் கூடி, கடைசியில் ஒரு சேவல் தலையும் வந்து சேர்ந்துகொண்டது. டீக்கடையை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். ஹரிபிரசாத் வாழ்க்கையில் முதல்முறையாக வேலைக்குப் போனான். ஜெயவேலு மகளைத் திட்டித் தீர்த்தார். யூடியூப் பைத்தியம், அரைவேக்காடு, குடும்பத்துக்கு உப்புப் போட்டு உலை வைத்தவள். அவள் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

அப்புறம் மழை பெய்தது. கோரை கிழங்கிலிருந்து மறுபடி கிளம்பி, முன்னைவிடத் தளதளவென்று நின்றது. பார்த்தீனியமும் வெள்ளைப் பூவோடு திரும்பி வந்துவிட்டது. இந்த லட்சணத்துக்குத்தானா இத்தனை கூத்து என்று ஜெயவேலுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்பதற்காகவே அவளுடைய சேனலைத் தேடிப் பார்த்தார். ‘வீட்டிலேயே களைக்கொல்லி, மூணே மூணு பொருள் போதும்.’ வினிகர், கொஞ்சமாக உப்பு, சோப்புத் தண்ணி. திருப்பிப் போட்டுப் பார்த்தார். அதே மூணுதான்.

வினிதா பின்கட்டில் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, இதுல எலுமிச்சம்பழமே காணோமே?”

“அது புல்லுக்கு இல்லப்பா, பார்ட்டிக்கு,” என்றாள் வினிதா. “நீயே பாரு, புல்லு திரும்பி வந்துடுச்சு, பார்ட்டி வரலல்ல?”