எருதின் மனசாட்சி

குளத்தை நரிக்குக் கொடுப்பதா, தவளைகளுக்கே விடுவதா என்று காட்டில் வாக்கெடுப்பு நடந்தது. இரு பக்கமும் சரிசமம். பாக்கி எருது ஒன்றுதான்.

"எருதண்ணன் யாருக்கும் தலையாட்ட மாட்டார், நியாயத்தைத்தான் பார்ப்பார்" என்று தவளைகள் நம்பியிருந்தன.

எல்லார் குரலிலும் பேசிக் காட்டும் குறும்புக்கார மைனாவுக்கு மட்டும் சந்தேகம். எருது கூட்டத்துக்குக் கூட்டம் நரியைக் கிழிகிழியென்று கிழிக்கும். கடைசியில் நரி ஒரு செருமல் செருமினால் போதும், தலையை ஆட்டிவிடும். அவள் பார்த்திருக்கிறாள்!

"இரு தரப்பையும் எடைபோட்டுவிட்டேன். என் மனசாட்சிதான் எனக்குத் தலைவர்!" என்று எருது முழங்கியது.

"அப்போ குளம் தவளைகளுக்கா?" என்று கேட்டது வாக்கெடுப்பை நடத்திய யானை.

மைனா சட்டென்று இலைக்குள் ஒளிந்துகொண்டு, அச்சு அசல் நரி மாதிரியே, "க்ர்ர்ஹும்!" என்று செருமினாள்.

எருதின் தலை ஆமாம் ஆமாமென்று ஆடியது.

"பாத்தீங்களா, நரிக்கே பயப்படாத ஆளு!" என்று தவளைகள் குதியோ குதியென்று குதித்தன. அந்த இரைச்சலில் எருது நரியிடம் மெல்ல நகர்ந்து கிசுகிசுத்தது மைனாவுக்கு மட்டும்தான் கேட்டது.

"செருமினது நீங்கதானே, தலைவரே?"