கைநாட்டு செல்லாது

"கைநாட்டெல்லாம் செல்லாதும்மா. கையெழுத்துதான் வேணும்."

தலைமையாசிரியை மதிப்பெண் அட்டையைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மைப்பெட்டியைத் தொட்ட கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது.

நாற்பத்திரண்டு பிள்ளைகள், இரண்டே ஆசிரியைகள் உள்ள பள்ளிக்கூடம் அது. தலைமையாசிரியைக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் 'கறார்'.

எதிரில் நின்றவள் கோழிப்பண்ணையில் முட்டை தரம் பிரிப்பவள். அரை மணி நேர அனுமதி கேட்டு ஓடி வந்திருந்தாள்.

"பேங்க்லயே இந்த ரேகையை ஒத்துக்கறாங்க டீச்சர்."

"அது பேங்க். இது பள்ளிக்கூடம்."

"எப்பவும் எங்க வீட்டுக்காரர்தான் போடுவாரு. இப்ப வெளியூர் வேலைக்குப் போயிட்டாரு. நான் என்ன பண்ணுவேன்?"

"கையெழுத்து வர்ற வரைக்கும் இந்த அட்டை என் அலமாரியில இருக்கும். அட்டையில கையெழுத்து இல்லாத பிள்ளையைக் கடல் பார்க்கக் கூட்டிட்டுப் போக மாட்டேன். சுற்றுலாவுக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு."

கதவோரம் நின்ற மகளின் முகம் வாடிவிட்டது. நாலாம் வகுப்பு. கடலைப் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

"இன்னொண்ணு. பேரை மட்டும் படம் வரையற மாதிரி பழகிட்டு வராதீங்க. எதுல கையெழுத்துப் போடறீங்கன்னு என் முன்னாடி படிச்சுக் காட்டணும்."

"மனசுல ஈரமே கிடையாதா டீச்சர் உங்களுக்கு?"

"பெல் அடிக்கற நேரமாச்சு" என்று கறார் எழுந்துவிட்டார்.

பக்கத்து மேஜையில் வருகைப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்த புது டீச்சருக்குப் பேனா ஓடவில்லை. அந்தப் பெண் போன பிறகு மெல்லச் சொன்னார்.

"பாவம் மேடம் அந்தம்மா."

"ரூல்னா ரூல். மூணாம் வகுப்புல சத்தம் கேக்குது, போய்ப் பாருங்க."

அன்று வீட்டில் மகள் குசுகுசுத்தாள். "நானே உன் பேரைப் போட்டுடட்டுமாம்மா? கறாருக்குத் தெரியாது."

"பொய்க் கையெழுத்தா? தோலை உரிச்சுடுவேன். பழைய நோட்டு ஒண்ணு எடு."

ஒரு நாளைக்கு மூவாயிரம் முட்டை தொடுகிற கை. ஒன்றுகூட விரிசல் விட்டதில்லை. பென்சிலைப் பிடித்தால் மட்டும் நுனி படக் படக்கென்று உடைந்தது.

"ஐயோ அம்மா, முட்டையைப் பிடிக்கற மாதிரி பிடிம்மா!"

அப்படிப் பிடித்ததும் உடையவில்லை.

பண்ணையில் ஒன்பது வருடமாக அடுக்கிவந்த அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் 'கவனம், உடையும் பொருள்' என்று அச்சடித்திருப்பதை ஒரு நாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள்.

"என்னடி, இந்த வயசுல பரீட்சை எழுதப் போறியாக்கும்?"

"அந்தக் கறார் மூஞ்சிக்கு நேரா கையெழுத்துப் போடணும். அதுக்குத்தாண்டி."

நடுவில் இரண்டு தடவை பள்ளிக்கு வந்தாள். கையெழுத்துக் கோணியது, படிக்கையில் திக்கினாள். "இன்னும் வரல. அடுத்த மாசம் வாங்க" என்று கறார் அட்டையை மறுபடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள். மகளையும் கையில் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே வந்தாள்.

"அட்டையை எடுங்க."

நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. ஆனாலும் அவள் பெயர்.

"படிங்க" என்றார் கறார்.

மகளின் பெயரைப் படித்தாள். வகுப்பைப் படித்தாள். மதிப்பெண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். "குறிப்பு... வகுப்பில்... வாய்... ஓயாமல்... பேசுகிறாள். இது யார் எழுதினது?"

புது டீச்சர் பதிவேட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்.

"அவ்வளவுதானா?" என்றார் கறார்.

"இருங்க. பின்னாடி ஏதோ பொடி எழுத்துல இருக்கே. அதைப் படிக்கலைன்னு இன்னொரு தடவை வர வெச்சிடுவீங்க."

கறார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

அட்டையைத் திருப்பி, விரலை வைத்து நகர்த்தினாள். "விதி... மூன்று. பெற்றோர்... கையொப்பம் இட்டு... அல்லது... பெருவிரல்... ரேகை... பதித்து..."

விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

புது டீச்சர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். மாதாமாதம் அந்த அட்டைகளைப் பிள்ளைகளிடம் கொடுப்பதே அவர்தான். ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

"ரேகையே போதும்னுதானே இதுல போட்டிருக்கு?" என்று அம்மா நிமிர்ந்து கேட்டாள்.

"ஆமா. முதல்லேர்ந்தே அப்படித்தான் போட்டிருக்கு" என்றார் கறார்.

"அப்ப அஞ்சு மாசமா என்னை அலைய விட்டது?"

கறார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இதை நீங்களே படிச்சுட்டு, என்கிட்ட சண்டைக்கு வருவீங்கன்னுதான் காத்துட்டிருந்தேன்."

மகள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அழப்போகிறாளா, அடிக்கப்போகிறாளா, ஒன்றும் புரியவில்லை.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த அறையில் முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

"இன்னும் என்னென்ன பொய் சொல்லி வெச்சிருக்கீங்க? அலமாரியைத் திறங்க டீச்சர். ஒண்ணுவிடாம படிக்கறேன்."